போர்ட்டுக்கு வகை உண்டா? வீலேன் ஸ்விட்ச்களைப் பற்றிய பழைய விவாதம்

ஸ்விட்ச் ஒன்றின் போர்ட்டில் ஒரு ஃப்ரேம் வந்து சேர்கிறது. அது எந்த வீலேனைச் சேர்ந்தது? அதே போர்ட் வழியாக ஒரு ஃப்ரேம் வெளியே போகும்போது டேக்கோடு போகலாமா, டேக்கை உரித்துவிட்டு அனுப்ப வேண்டுமா? வீலேன் பற்றிய எந்தப் பாடமும் கடைசியில் இந்த இரண்டு கேள்விகளில்தான் வந்து நிற்கிறது. இவற்றுக்கான விடையை ஒரே சொல்லில் சுருக்கிச் சொல்ல வந்ததுதான் ‘போர்ட் வகை’ என்ற பேச்சு.

வகைகள் எத்தனை என்று கேட்டால் விடை ஆளுக்கு ஆள் மாறும். சிஸ்கோ பாடம் படித்தவர் ஆக்சஸ், ட்ரங்க் என்று இரண்டைச் சொல்வார். ஹுவாவே, எச்3சி கருவிகளில் பழகியவர் ஹைப்ரிட்டையும் சேர்த்து மூன்று என்பார். எச்பி ப்ரோகர்வ் ஸ்விட்ச்களைப் பார்த்துக்கொண்டவருக்கு வகை என்ற பேச்சே புதிது. அவர் அறிந்தது டேக்டு, அன்டேக்டு என்ற இரண்டு நிலைகளை மட்டுமே. மூவரும் கைகாட்டும் தரநிலை ஒன்றேதான்: ஐ.இ.இ.இ. 802.1கியூ. ஒரே நூலைப் படித்துவிட்டு மூவரும் மூன்று கணக்குச் சொல்கிறார்கள் என்றால், அந்த நூல் எதைச் சொல்லாமல் விட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலைப்பாடுகளை உரைத்துப் பார்க்க அலுவலக மேசையிலிருக்கும் ஐபி தொலைபேசியை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். சுவரிலிருந்து வரும் ஒரே கேபிள் தொலைபேசிக்குள் நுழைகிறது. தொலைபேசியின் பின்புறம் உள்ள இன்னொரு சாக்கெட்டிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் போகிறது. கணினிக்கு டேக் என்றால் என்னவென்றே தெரியாது. அது அனுப்புவதை வீலேன் 10-இல் சேர்க்க வேண்டும். தொலைபேசியோ தன் ஃப்ரேம்களில் 20 என்று டேக் போட்டே அனுப்புகிறது. இரண்டும் ஸ்விட்ச்சின் ஒரே போர்ட்டில் வந்து சேர்கின்றன. அந்த போர்ட் எந்த வகை?

டேக் வந்த வழி

1980-களில் பெல்கோர் ஆய்வகத்தில் டபிள்யூ. டேவிட் சின்கோஸ்கி எதிர்கொண்ட சிக்கலுக்கும் இன்று வீலேன் என்றதும் நினைவுக்கு வரும் பாதுகாப்புக்கும் அதிகத் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஈதர்நெட் வலைகள் பலவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாக்குவது அவருடைய நோக்கம். ஒரு வழி அறுந்தாலும் மறுவழி இருக்க வேண்டும் என்று வளையமாக இணைத்தால் ஃப்ரேம்கள் ஓயாமல் சுற்றத் தொடங்கும். ராடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ அந்த வளையத்தை அறுத்து மரமாக்கியது. மரம் ஒன்றே என்றால் நடுவில் இருக்கும் ஸ்விட்ச் எல்லாச் சுமையையும் தாங்க வேண்டும். ஃப்ரேம்களுக்கு நிறம் கொடுப்பது போல டேக் கொடுத்து, நிறத்துக்கு ஒரு மரம் வைத்தால் சுமை பிரியும் என்பது சின்கோஸ்கியின் யோசனை. ஆக, டேக் முதலில் சுமையைப் பிரிக்க வந்தது. ஆட்களைப் பிரிக்கும் வேலை பிறகு அதன் தலையில் ஏறியது. பின்னால் பேசப்போகும் பல பலவீனங்களுக்கு இந்த வேலைமாற்றமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

சந்தைக்கு வந்த தொடக்ககால ஸ்விட்ச்களில் வீலேன் என்பது பெரும்பாலும் போர்ட்களின் குழு. ஒன்று முதல் எட்டு வரை கணக்குப் பிரிவு, ஒன்பது முதல் பதினாறு வரை விற்பனைப் பிரிவு என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது, டேக் தேவையில்லை. குழு அடுத்த ஸ்விட்ச்சுக்கும் நீள வேண்டும் என்றபோதுதான் சிக்கல் எழுந்தது. சிஸ்கோ தன் ஐஎஸ்எல் முறையில் முழு ஃப்ரேமையும் 26 பைட் தலைப்புக்கும் 4 பைட் வாலுக்கும் நடுவே பொதிந்து அனுப்பியது. 1998-இல் வெளியான 802.1கியூ வேறு வழியை எடுத்தது: ஃப்ரேமைப் பொதியாமல், அனுப்புநர் முகவரிக்கு அடுத்து 4 பைட்டைச் செருகியது. அதில் முதல் இரண்டு பைட், ‘இது டேக்’ என்று அறிவிக்கும் 8100 என்ற பதினறும எண். மீதியில் முன்னுரிமைக்கு 3 பிட், இன்னொரு குறிக்கு 1 பிட், வீலேன் எண்ணுக்கு 12 பிட். 4096 எண்களில் 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் பயன்பாட்டுக்கு 4094. ஃப்ரேமின் மேல்வரம்பு 1518 பைட்டிலிருந்து 1522 ஆனது.

‘ட்ரங்க்’ என்ற சொல் தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு அது புதிதல்ல: எக்ஸ்சேஞ்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே பலருடைய பேச்சைச் சுமக்கும் தடம்.

தரநிலை பேசியது கம்பியைப் பற்றி

1998 பதிப்பின் பின்னிணைப்பு ஒன்று ஆக்சஸ், ட்ரங்க், ஹைப்ரிட் ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்துகிறது. ஆனால் அவை அங்கே இணைப்புகளின் பெயர்கள்; அதாவது கம்பியின் பெயர்கள். கம்பியின் மறுமுனையில் வீலேன் அறிந்த கருவிகள் இருக்கின்றனவா, அறியாதவை இருக்கின்றனவா, இரண்டும் கலந்திருக்கின்றனவா என்பதே அந்தப் பிரிவினை. போர்ட்டைப் பற்றிப் பேச வரும்போது தரநிலை பெயர் எதுவும் சூட்டாமல் சில அமைப்புகளை மட்டும் தருகிறது.

முதலாவது, எந்த ஃப்ரேமை உள்ளே விடுவது: எல்லாவற்றையும், டேக் உள்ளதை மட்டும், அல்லது டேக் இல்லாததை மட்டும். எண் 0 என்று டேக் போட்டு வரும் ஃப்ரேம் முன்னுரிமையை மட்டுமே சொல்வதால், அது டேக் இல்லாதவற்றோடு சேரும். இரண்டாவது, டேக் இல்லாமல் வருவதற்கு எந்த எண்ணைக் கொடுப்பது: இதுவே பிவிஐடி, அதன் தொடக்க மதிப்பு 1. மூன்றாவது, ஒவ்வொரு வீலேனிலும் அந்த போர்ட் உறுப்பா, உறுப்பு என்றால் டேக்கோடு அனுப்புவதா, உரித்து அனுப்புவதா. உறுப்பல்லாத வீலேனின் ஃப்ரேம் உள்ளே வந்தால் தள்ளிவிடுவதா என்பது தனியாக ஒரு சொடுக்கி.

ஐபி தொலைபேசி இங்கே எந்தச் சிக்கலும் தருவதில்லை. பிவிஐடி 10, எல்லா ஃப்ரேமுக்கும் அனுமதி, வீலேன் 10-இல் டேக் இல்லாத உறுப்பு, 20-இல் டேக் உள்ள உறுப்பு. பெயர் வைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

எழும் சிக்கல் வேறு. 48 போர்ட், 4094 வீலேன் என்றால் நிரப்ப வேண்டிய கட்டங்கள் 1,96,512. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. இந்தச் சேர்க்கைகளில் மிகப் பெரும்பாலானவை அர்த்தமற்றவை. பிவிஐடி 10 என்றும் உறுப்பு 20-இல் மட்டும் என்றும் ஒருவர் அமைத்தால், உள்வரும் பேச்சு ஒரு வீலேனிலும் வெளிவரும் பேச்சு இன்னொன்றிலும் போகும். இதைத் தடுப்பது தன் வேலை என்று தரநிலை கருதவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் நிறுவனங்களின் வகைப் பெயர்கள் முளைத்தன.

இரண்டே வகை

சிஸ்கோ மரபின் வாதம் எளிமையானது. போர்ட்டின் மறுமுனையில் இருப்பது ஒன்று பயனர் கருவி, அல்லது இன்னொரு ஸ்விட்ச். முன்னதற்கு ஆக்சஸ்: ஒரே வீலேன், டேக் கிடையாது. பின்னதற்கு ட்ரங்க்: பல வீலேன், எல்லாம் டேக்கோடு, டேக் இல்லாமல் வருவதற்காக ‘நேட்டிவ்’ என்று ஒரு வீலேன். இரண்டு சொல்லில் நிர்வாகியின் நோக்கம் பதிவாகிவிடுகிறது. அமைப்புக் கோப்பைப் பத்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் இது எதற்காக என்று புரியும். இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

பலவீனம் மூன்று இடங்களில் தெரிகிறது. முதலாவது, வகையை ஸ்விட்ச்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று சிஸ்கோ கொண்டுவந்த டிடிபி நெறிமுறை. இரு முனையும் ‘ஆட்டோ’ என்று காத்திருந்தால் இரண்டும் ஆக்சஸாகவே நின்றுவிடும். ஒரு முனை ‘டிசைரபிள்’ என்றால் ட்ரங்க் ஆகிவிடும். மறுமுனையில் இருப்பது ஸ்விட்ச்தானா என்று சரிபார்க்க அந்த உரையாடலில் வழியில்லை. மடிக்கணினியில் யெர்சினியா போன்ற கருவியை ஓட்டுபவர் தன்னை ஸ்விட்ச்சாகக் காட்டிக்கொண்டு ட்ரங்க்கைப் பெற்றுவிட முடியும். பயனர் போர்ட்டில் டிடிபியை அணைத்துவைப்பது இன்று பாலபாடம்.

இரண்டாவது, ஒரே பெயர் இரண்டு நிறுவனங்களில் இரண்டு பொருள் தருவது. சிஸ்கோ ட்ரங்க் தொடக்கத்திலேயே எல்லா வீலேனையும் விடும். ஹுவாவே ட்ரங்க் வீலேன் 1-ஐ மட்டும் விடும், மற்றவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரு கேபிளில் இணைத்துவிட்டு இரு பக்கமும் ட்ரங்க்தானே என்று நிம்மதியாக இருப்பவருக்கு வீலேன் 20 ஏன் மறுபக்கம் போகவில்லை என்பது விளங்காது.

மூன்றாவதுதான் நம் தொலைபேசி. கேட்டலிஸ்ட் 3500எக்ஸ்எல் காலத்தில் அந்த போர்ட்டை ட்ரங்க் என்றே அமைத்து, கணினியின் வீலேனை நேட்டிவ் ஆக்கினார்கள். ஒரு மேசைக்கு ட்ரங்க் தருவது உறுத்தியிருக்க வேண்டும். பின்வந்த ஸ்விட்ச்களில் போர்ட் ஆக்சஸாகவே இருக்க, ‘வாய்ஸ் வீலேன்’ என்று கூடுதலாக ஒரு வரி வந்தது. பெயர் ஆக்சஸ், ஆனால் டேக் உள்ள வீலேன் ஒன்றும் டேக் இல்லாத வீலேன் ஒன்றும் அதில் ஓடுகின்றன. நடைமுறையில் இது நன்றாக வேலை செய்கிறது. இரண்டு வகைக்குள் அடங்காத ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலமும் கிடைக்காது.

மூன்றாவதாக ஹைப்ரிட்

ஹுவாவேயும் எச்3சியும் அந்த ஒப்புதலை வெளிப்படையாகவே செய்தன. ஹைப்ரிட் போர்ட்டில் எந்த வீலேன் டேக்கோடு, எந்த வீலேன் டேக் இல்லாமல் என்று நிர்வாகியே வரிசை வரிசையாகச் சொல்லலாம். தொலைபேசி கேள்விக்கு நேரடி விடை இது.

ஹைப்ரிட்டின் தனித்தன்மை தொலைபேசியோடு நிற்பதில்லை. ட்ரங்க்கில் ஒரு வீலேனைத்தான் டேக் இல்லாமல் அனுப்ப முடியும்; ஹைப்ரிட்டில் எத்தனை வேண்டுமானாலும். இதன் பயனைப் பொதுப் பிரிண்டர் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். அறை ஒன்று வீலேன் 10, அறை இரண்டு வீலேன் 20, பிரிண்டர் வீலேன் 100. பிரிண்டர் போர்ட்டின் பிவிஐடி 100. அதிலிருந்து 10, 20, 100 மூன்றும் டேக் உரிந்து வெளியேறும். அறை ஒன்றின் போர்ட்டில் பிவிஐடி 10. 10, 100 இரண்டும் உரிந்து வெளியேறும். அறை இரண்டிலும் அப்படியே. இரண்டு அறைகளும் பிரிண்டரோடு பேசும், ஒன்றோடொன்று பேசாது. ரவுட்டர் தேவையில்லை.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முகவரிப் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஓர் ஓட்டை தெரியும். அறை ஒன்றின் கணினியிலிருந்து வந்த ஃப்ரேம் வீலேன் 10-இல் வந்ததால், அதன் மேக் முகவரி 10-இன் பட்டியலில் பதிகிறது. பிரிண்டரின் பதிலோ வீலேன் 100-இல் கிளம்புகிறது. வீலேனுக்கு ஒரு தனிப்பட்டியல் வைத்திருக்கும் ஸ்விட்ச் 100-இன் பட்டியலில் தேடும். அந்த முகவரி அங்கே இருக்காது. முகவரி தெரியாத ஃப்ரேமை ஸ்விட்ச் என்ன செய்யும்? அந்த வீலேனின் எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். அறை ஒன்றுக்கான பதில் அறை இரண்டின் கம்பியிலும் போய் விழுகிறது. வேலை நடக்கும், யாருக்கும் குறை தெரியாது, பிரித்துவைத்ததன் பயன் பாதி போயிருக்கும். தரநிலை இதை உணர்ந்தே, பல வீலேன்கள் ஒரே பட்டியலைப் பகிரும் கற்றல் முறையையும் அனுமதிக்கிறது. டி-லிங்க்கின் சில ஸ்விட்ச்களில் ‘அசிமெட்ரிக் வீலேன்’ என்று இதற்கு ஒரு தனிச் சொடுக்கியே உண்டு. ஆனால் எல்லாக் கருவிகளிலும் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. ஹைப்ரிட்டைப் புகழும் விளக்கங்கள் பலவும் போர்ட்டோடு நின்றுவிடுகின்றன, பட்டியலைத் தொடுவதில்லை.

வகையே வேண்டாம்

ப்ரோகர்வ் மரபு கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியது. போர்ட்டைத் திறந்து ‘நீ யார்’ என்று கேட்பதற்குப் பதில், வீலேனைத் திறந்து ‘உன் உறுப்பினர் யார் யார்’ என்று கேட்டது. வீலேன் 20 என்றால் இந்த போர்ட்கள் டேக்டு, இந்த போர்ட்கள் அன்டேக்டு. தரநிலைக்கு மிக அருகில் நிற்கும் மொழி இது. லினக்ஸ் கெர்னலின் பிரிட்ஜ் 2013-இல் 3.9 பதிப்பில் வீலேன் வடிகட்டலைப் பெற்றபோதும் இதே சொற்களையே எடுத்துக்கொண்டது: எண், பிவிஐடி, அன்டேக்டு. (ப்ரோகர்வில் ‘ட்ரங்க்’ என்றால் பல கேபிள்களை ஒன்றாகக் கட்டுவது. சிஸ்கோ பழகிய கை அங்கே ட்ரங்க் என்று தட்டிவிட்டு விழிக்கும்.)

இந்த மரபின் பலவீனம் மலிவுவிலை ஸ்மார்ட் ஸ்விட்ச்களில் பளிச்செனத் தெரிகிறது. பலவற்றில் உறுப்பினர் பட்டியல் ஒரு பக்கத்திலும் பிவிஐடி இன்னொரு பக்கத்திலும் இருக்கும். முதல் பக்கத்தில் போர்ட் 5-ஐ வீலேன் 10-இல் அன்டேக்டு என்று சேர்த்துவிட்டு, இரண்டாம் பக்கத்தை மறந்தால் பிவிஐடி 1 என்றே கிடக்கும். அங்கே செருகிய கணினி முகவரி கேட்டு அனுப்பும் அழைப்பு வீலேன் 1-க்குள் போகும். போர்ட் 5 வீலேன் 1-இல் உறுப்பாகத் தொடர்ந்தால் கணினிக்கு முகவரி கிடைத்துவிடும், ஆனால் தவறான வலையின் முகவரி. உறுப்பிலிருந்து நீக்கியிருந்தால் பதிலே வராது. அதே சமயம் வீலேன் 10-இன் பிராட்காஸ்ட் எல்லாம் அந்தக் கணினியின் காதில் விழுந்துகொண்டிருக்கும். ஆக்சஸ் என்ற ஒரு சொல் இந்த இரண்டு அமைப்பையும் ஒன்றாகப் பூட்டிவைத்திருந்தது என்பது அந்தச் சொல் இல்லாத இடத்தில்தான் புரிகிறது.

டேக் இல்லாத ஃப்ரேமை என்ன செய்வது

மேற்சொன்ன எல்லா மரபுகளும் சறுக்கும் பொது இடம் ஒன்று உண்டு: ட்ரங்க்கில் டேக் இல்லாமல் ஓடும் அந்த ஒற்றை வீலேன். இரு முனையிலும் நேட்டிவ் எண் வேறுபட்டால், இந்தப் பக்கம் 1-இல் கிளம்பிய ஃப்ரேம் அந்தப் பக்கம் 99-இல் போய் இறங்கும். இரு வீலேன்கள் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும்.

இரட்டை டேக் தாக்குதல் இதையே வேண்டுமென்று செய்கிறது. நேட்டிவ் வீலேன் 1 என்றும், தாக்குபவரின் ஆக்சஸ் போர்ட்டும் 1-இல் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அவர் வெளியே 1, உள்ளே 20 என இரண்டு டேக் போட்டு அனுப்புகிறார். முதல் ஸ்விட்ச் அதை வீலேன் 1 என்று எடுத்துக்கொண்டு, ட்ரங்க்கில் நேட்டிவ் என்பதால் வெளி டேக்கை உரித்து அனுப்புகிறது. அடுத்த ஸ்விட்ச்சின் கண்ணுக்குத் தெரிவது 20 மட்டுமே. பதில் இந்த வழியில் திரும்பாது. ஆனால் ஒருவழியாக அனுப்பினாலே போதுமான தீங்குகள் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, முதல் அடியே ஆக்சஸ் போர்ட் டேக் உள்ள ஃப்ரேமை ஏற்றதுதான். டேக் கிடையாது என்று பாடம் சொல்லும் போர்ட், தன் எண்ணோடு ஒத்துப்போனால் டேக்கையும் ஏற்பது பல கருவிகளில் வழக்கம். வகைப் பெயர் சொல்வதும் போர்ட் செய்வதும் விலகும் இடம் இது.

தீர்வில் இரண்டு கட்சி. யாருமே இல்லாத ஒரு வீலேனை நேட்டிவ் ஆக்கிவிட்டால் போதும் என்பது ஒன்று. நேட்டிவ் என்ற கருத்தையே ஒழித்து, ட்ரங்க்கில் எல்லாவற்றுக்கும் டேக் கட்டாயம் என்பது மற்றது. இரண்டாவது தூய்மையானது, ஆனால் ஸ்பானிங் ட்ரீ செய்திகள் தரநிலைப்படி டேக் இல்லாமலேயே போகின்றன. இதற்கு விலக்கு வைக்காமல் எல்லாவற்றுக்கும் கதவடைத்தால் வலையே தடுமாறும்.

வகைக்கு வேறு பொருள்கள்

டேக்கை விட்டுவிட்டு, யார் யாரோடு பேசலாம் என்பதை வைத்தும் போர்ட்களை வகைப்படுத்தியிருக்கிறார்கள். சிஸ்கோவின் பிரைவேட் வீலேன் முறை 2010-இல் ஆர்.எஃப்.சி. 5517 ஆக வெளியானது. அதில் ஐசோலேட்டட் போர்ட் சக ஐசோலேட்டட் போர்ட்டோடு பேசாது, கம்யூனிட்டி போர்ட் தன் குழுவோடு பேசும், ப்ராமிஸ்கியூஸ் போர்ட் எல்லோரோடும் பேசும். பொதுப் பிரிண்டர் கேள்விக்கு ஹைப்ரிட்டைவிட இது ஒழுங்கான விடை என்றே தோன்றுகிறது. சேவை நிறுவனங்களுக்காக வந்த 802.1ஏடி, டேக்கின்மேல் டேக் வைக்கும் முறையை 88ஏ8 என்ற அறிவிப்பு எண்ணோடு முறைப்படுத்தியது. அது வாடிக்கையாளர் பக்கம், நிறுவனப் பக்கம் என்று போர்ட்களைத் தன் பாணியில் பிரிக்கிறது.

வீலேன் போர்ட்டுக்கா, ஆளுக்கா

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது: போர்ட்டைப் பார்த்தால் அதில் இருப்பவர் யார் என்று தெரியும் என்பது. 802.1எக்ஸ் அதைக் கேள்வி கேட்டது. செருகியவர் தன்னை நிரூபித்த பிறகு, ரேடியஸ் சர்வர் அவருக்கான வீலேன் எண்ணை அனுப்பும். 2003-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3580 அதற்கு வழி சொல்கிறது. 2006-இல் வந்த ஆர்.எஃப்.சி. 4675, எந்த வீலேன் டேக்கோடு, எது இல்லாமல் என்பதையும் சர்வரே சொல்ல வழி செய்தது. காலையில் ஆக்சஸ் போல நடந்த போர்ட், மாலையில் வேறொருவர் செருகியதும் ஹைப்ரிட் போல நடக்கலாம். வகை என்பது அப்போது போர்ட்டின் இயல்பாக இல்லாமல் ஓர் அமர்வின் நிலையாகிவிடுகிறது. இதன் விலையும் சிறிதல்ல: சர்வர் பதில் சொல்லாத நேரத்தில் போர்ட் என்னவாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மின்லான் யூ, ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்ட் உள்ளிட்டோர் பல்கலைக்கழக வளாகங்களில் வீலேன் பயன்பாட்டை ஆராய்ந்து 2011-இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் பொருந்தும். பிராட்காஸ்டைக் கட்டுப்படுத்த வந்த வீலேனை, அணுகல் கட்டுப்பாடு, நிர்வாகப் பொறுப்பைப் பிரித்துக்கொடுப்பது, இடம் மாறினாலும் முகவரி மாறாமலிருப்பது என்று வடிவமைப்பில் இல்லாத பல வேலைகளுக்கும் வளாகங்கள் பயன்படுத்துவதை அவர்கள் காட்டினார்கள். அந்த வேலைகள் சிலவற்றுக்கு அது பொருத்தமான கருவியல்ல என்பதும் அவர்கள் கருத்து. போர்ட் வகைகளின் நெருக்கடியில் ஒரு பகுதியாவது இங்கிருந்து வருவதாகக் கொள்ளலாம்.

தீராமல் இருப்பவை

வகை என்பது போர்ட்டின் குணம் அல்ல, சில அமைப்புகளை ஒன்றாகக் கட்டிய கட்டுக்குப் பெயர் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. எந்தக் கட்டுக்குப் பெயர் தரலாம், பெயர் தந்தபின் அதற்குள்ளிருக்கும் அமைப்புகளைத் தனித்தனியே திருகவிடலாமா என்பதில்தான் இழுபறி. விடாவிட்டால் தொலைபேசிக்கு வாய்ஸ் வீலேன் போல ஒட்டுப்போட வேண்டும். விட்டால் பிவிஐடி பக்கத்தை மறப்பவர்கள் இருப்பார்கள்.

2014-இல் வந்த விஎக்ஸ்லேன் 24 பிட் எண்ணோடு கேள்வியைச் சற்று இடம் மாற்றியிருக்கிறது. தரவு மையங்களில் வலை முழுதும் செல்லும் அடையாளம் அந்த எண்ணே என்றால், கம்பியின்மேல் இருக்கும் வீலேன் டேக் ஒரு போர்ட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் குறியாகச் சுருங்கலாம். ட்ரங்க் என்ற சொல்லின் எடை அப்போது குறையக்கூடும். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அந்த மாற்றம் எவ்வளவு தூரம் இறங்கும் என்று இப்போதே சொல்வது அவசரம்.

பழைய பிளவு புதிய இடத்திலும் தொடர்கிறது. ஸ்விட்ச்களை நிரல் வழியே அமைப்பதற்கான யாங் மாதிரிகளில், ஐ.இ.இ.இ. 2018-இல் வெளியிட்ட 802.1கியூசிபி, பிவிஐடியையும் ஏற்கத்தக்க ஃப்ரேம் வகையையும் தனித்தனியே கேட்கிறது. போர்ட்டின் பெயரைக் கேட்பதில்லை. ஓபன்கான்ஃபிக் மாதிரியோ ஆக்சஸா, ட்ரங்க்கா என்று முதலில் கேட்டுவிட்டு, ட்ரங்க் என்றால் நேட்டிவ் எது என்கிறது. பிரிண்டர் போர்ட்டின் மூன்று டேக் இல்லாத வீலேன்களை இரண்டாவது மாதிரியின் அந்தக் கட்டங்களில் எழுத இடமில்லை. மேசைத் தொலைபேசியின் போர்ட்டுக்கு முதல் மாதிரியில் பெயர் கிடையாது; இரண்டாவதில், 10-ஐ நேட்டிவ் என்றும் 20-ஐ டேக் உள்ளது என்றும் எழுத வேண்டுமானால், அது மறுபடியும் ட்ரங்க்.